மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள்

சென்ற சிறுபோக காலத்தில் கத்தரித் தோட்டம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அத்தோட்டத்துக்குரிய கமக்காரர் வாடல் நோயைப் பற்றிய பேச்சை முடித்துக்கொண்டு என்னை வீட்டின் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஏறத்தாழ இருநூறு கோழிகள் கொண்ட கொட்டில் ஒன்று இருந்தது. கோழிகளுக்குச் சளியும் இழுப்பும் கண்டால் குடிநீரிற் கலந்து கொடுப்பதற்கென ஒரு தூளை அவர் சில ஆண்டுகளாக வாங்கி வைத்திருந்தார். முன்னர் இரண்டு நாளிற் குணங்கண்ட கோழிகள் இப்பொழுது ஒரு கிழமை கொடுத்தும் தேறவில்லை என்றார். அத்துடன் இன்னுமொன்றையும் சொன்னார். வரம்பில் முள்ளுக் குத்தியதனால் அவருடைய பேரனின் காலிற் புண் வைத்துவிட்டது. பெனிசிலின் ஒவ்வாத பிள்ளையாதலால் வைத்தியர் எரித்திரோமைசின் குளிசை கொடுத்தார். புண் ஆறவில்லை. சீழைப் பரிசோதித்தபோது அதிலிருந்த பற்றீரியா அம்மருந்துக்கு அடங்காதது என்று தெரிந்ததாம். பின்பு வேறு மருந்தை ஊசி மூலம் ஏற்றி, பத்து நாள் ஆசுபத்திரியில் வைத்திருந்தே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“தம்பி, கோழிக்குக் கொடுத்த தூளுக்கும் பேரனுக்குக் கொடுத்த குளிசைக்கும் ஏதும் சம்பந்தம் இருக்குமோ?” என்று அவர் கேட்டார்.

அப்பிள்ளையின் புண்ணிலிருந்த பற்றீரியா அவ்வீட்டுக் கோழியிலிருந்துதான் வந்தது என்று எவரும் சொல்ல இயலாது. மனிதர் தமக்குத் தாமே மருந்து வாங்கி விழுங்குவதனாலும் இத்தகைய பற்றீரியாக்கள் பெருகுகின்றன. ஆயினும் அவரது கேள்வி வீண் கேள்வியன்று. தூளின் பையில் இருந்த பெயர் டைலோசின். டைலோசினும் எரித்திரோமைசினும் ஒரே குடும்பத்து மருந்துகள். பற்றீரியா ஒன்றினுள் ஒரு சிறு நொதியம் புகுந்துவிட்டால் அவ்விரு மருந்துகளும் ஒருங்கே பயனற்றுப் போகின்றன. அந்நொதியம் யாது, எங்கிருந்து வந்தது, கமத்திலே அது பெருகாதிருக்க நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்க முயல்கின்றது.

பற்றீரியாவினுள் இருக்கும் ஆலை

உயிருள்ள ஒவ்வொன்றும் தன் உடலைப் புரதத்தினாற் கட்டுகின்றது. அப்புரதத்தைச் செய்யும் ஆலைக்கு இறைபோசோம் என்று பெயர். பற்றீரியாவின் இறைபோசோம் மிகச் சிறியது; ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 50,000 இறைபோசோம்களை வரிசையாக அடுக்கலாம். நன்கு வளரும் பற்றீரியா ஒன்றினுள் இவை பல்லாயிரக் கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு செக்கனில் பதினைந்து இருபது அமினோவமிலங்களைக் கோத்துப் புரதச் சங்கிலியாக்கிவிடும்.

இவ்வாலை பெரிதும் சிறிதுமான இரு பாகங்களால் ஆனது. அதன் எலும்பு போன்ற பகுதி ஆர்.என்.ஏ. எனப்படும் நீண்ட இழை. நான்கு வகை எழுத்துக்கள் மாறி மாறி வரும் ஒரு நெடிய வரியாக அதனை எண்ணிக்கொள்ளலாம். குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவில் சிறு பாகத்தின் இழையில் 1542 எழுத்துக்களும், பெரும் பாகத்தின் நீண்ட இழையில் 2904 எழுத்துக்களும் உள்ளன. இறைபோசோமின் அமைப்பை அணுவணுவாகக் கண்டறிந்தமைக்காக 2009ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்திற் பிறந்தவர். சிறு பாகத்தின் எவ்விடத்தில் எம்மருந்து சென்று தங்குகின்றது என்பதையும் அவருடைய குழுவினர் படம்பிடித்தாற்போற் காட்டினர்.

எரித்திரோமைசின், டைலோசின் முதலிய மருந்துகள் பெரும் பாகத்திற் சென்று தங்குவன. புதிதாகக் கோக்கப்படும் புரதச் சங்கிலி ஆலையை விட்டு வெளியேறுவதற்கு அங்கே ஒரு குடைவழி இருக்கின்றது. மருந்து அவ்வழியின் வாயிலுக்கு அண்மையிற் சென்று அமர்ந்துகொள்ளும். சூடடிக்கும் இயந்திரத்தின் வைக்கோல் வெளிவரும் வாயில் ஒரு கட்டை இறுகிக்கொண்டால் உள்ளே எவ்வளவு விசை இருப்பினும் வேலை நின்றுவிடுமன்றோ? அவ்வாறே பற்றீரியாவிற் புரத உற்பத்தி பெரும்பாலும் தடைப்படும், வளர்ச்சி நிற்கும். மனிதருடைய கலங்களில் உள்ள இறைபோசோம் சற்று வேறான அமைப்புடையது. மருந்து எமக்குப் பெருந்தீங்கு செய்யாது பற்றீரியாவை மட்டும் தாக்குவது இவ்வேறுபாட்டினாலேயே.

நொதியம் இடும் குறி

எரித்திரோமைசின் 1952ஆம் ஆண்டில் வைத்தியத்துக்கு வந்தது. அதற்கு அடங்காத பற்றீரியாக்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. பெனிசிலினுக்கு அடங்காத பற்றீரியாக்கள் அம்மருந்தை அறுத்துப் போடும் நொதியத்தை உடையவை என்பது முன்பே தெரிந்திருந்தது. வேறு சில பற்றீரியாக்கள் உட்புகுந்த மருந்தை, வள்ளத்தில் ஏறிய தண்ணீரை இறைப்பதுபோல, இறைத்து வெளியேற்றுவன. இங்கு நிகழ்வது அவ்விரண்டுமன்று. மருந்து சிதையாமல் உள்ளேயே இருந்தது; ஆயினும் ஆலையில் அமர அதற்கு இடம் கிடைக்கவில்லை.

காரணத்தை 1971ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வைசுபுளும் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவரும் எடுத்துக் காட்டினர். அடங்காத பற்றீரியாவின் இறைபோசோம் ஆர்.என்.ஏ.யில் ஓரெழுத்து மாற்றமுற்றிருந்தது. ஈ. கோலையின் வரிசைப்படி எண்ணினால் அது பெரும் பாகத்தின் 2058ஆம் எழுத்து. பற்றீரியாவின் ஒரு நொதியம் அவ்வெழுத்தின்மேல் மெதைல் கூட்டம் என்னும் சிறு துணுக்கை ஒட்டிவிடுகின்றது. மெதைல் கூட்டம் என்பது ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் மாத்திரமே. ஒன்றோ இரண்டோ ஒட்டப்படும். ஏறத்தாழ மூவாயிரம் எழுத்துக்களைக் கொண்ட இழையிலே ஓரெழுத்தின் மேல் நான்கோ எட்டோ அணு! அவ்வளவிலேயே மருந்து அமரும் இடம் மேடாகிவிடுகின்றது. ஆலையோ தன் வேலையைத் தொடர்ந்து செய்கின்றது. இவ்வகை நொதியங்களுக்கு ‘ஏர்ம்’ எனப் பெயரிட்டுள்ளனர்.

கமக்காரர் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2058ஆம் எழுத்தை அண்டி அமரும் மருந்து எரித்திரோமைசின் மட்டுமன்று. கோழிக்குக் கொடுக்கும் டைலோசினும், ஸ்பைராமைசினும், கால்நடை வைத்தியத்தில் வழங்கும் லிங்கோமைசினும், மனிதரின் எலும்பிலும் தோலிலும் வரும் கடும் நோய்களுக்குப் பயன்படும் கிளிண்டாமைசினும் அவ்விடத்தையே நாடுவன. எனவே நொதியம் இடும் ஒரு குறி இத்தனை மருந்துகளுக்கும் ஒரேயடியாக வழியை அடைக்கின்றது. கோழி எரித்திரோமைசினைக் கண்டிராவிடினும், டைலோசின் பெற்ற கோழியின் குடலில் எரித்திரோமைசினுக்கு அடங்காத பற்றீரியா பெருகுவது இதனாலேயே.

மருந்து நோய்க்கிருமியை மாத்திரம் தேடிச் செல்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கோழியின் சுவாசப் பைக்கென்று கொடுத்த தூள் அதன் குடல் வழியாகவே செல்கின்றது. குடலிலே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் எத்தீங்கும் செய்யாது வாழ்கின்றன. அவற்றுட் குறியிடும் நொதியம் உடையவை எஞ்ச, ஏனையவை மடிகின்றன. சுவாச நோயை உண்டாக்கும் மைக்கோபிளாசுமா என்னும் கிருமியோ வேறொரு வழியைக் கைக்கொள்வதுண்டு. அது நொதியத்தின் துணையை நாடாது, அதே இடத்து எழுத்தையே வேறெழுத்தாக மாற்றிக்கொள்கின்றது. நண்பரின் கோழிகள் தேறாமைக்கு அது காரணமாய் இருக்கலாம். அல்லது நோய் மருந்துக்கே உரியதல்லாத வைரசு நோயாகவும் இருக்கலாம்.

அரை மருந்தின் கேடு

பல பற்றீரியாக்கள் இந்நொதியத்தை எக்காலமும் செய்துகொண்டிருப்பதில்லை. தன் ஆலையின் மேல் தானே மேடு கட்டுவது பற்றீரியாவுக்கும் ஓரளவு இடைஞ்சலே. ஆகவே அது பரம்பரையலகை, அதாவது நொதியத்தைச் செய்யும் விதி எழுதப்பட்ட ஏட்டை, மூடி வைத்திருக்கும். எரித்திரோமைசின் சிறிதளவு உள்ளே வந்து சில இறைபோசோம்கள் தடைப்பட்ட மாத்திரத்தில் அத்தடையே ஏட்டைத் திறந்துவிடும். பற்றீரியாவைக் கொல்லவோ வளர்ச்சியை நிறுத்தவோ போதாத அளவு மருந்தே இதற்குப் போதுமானது. பின்னர் முழு அளவு மருந்து வந்தாலும் அதற்கிடையில் ஆலைகள் பல குறியிடப்பட்டிருக்கும்.

ஒரு பை தூளை இரு மடங்கு நீரிற் கலக்கிச் சிக்கனம் பிடிப்பதும், கோழிகள் உற்சாகங் காட்டிய மறுநாளே நிறுத்திவிடுவதும், நோய் வருமுன் இருக்கட்டும் என்று தீனியிற் சிறிது சிறிதாகச் சேர்ப்பதும் எவ்வளவு தவறானவை என்பது இதனால் விளங்கும்.

மண்ணிலிருந்து வந்த மருந்து, மண்ணிலிருந்து வந்த குறி

கோடை முடிந்து முதல் மழை விழும்போது வயலில் எழும் மண்மணத்தை அறியாத கமக்காரர் இலர். அம்மணத்தைத் தருவன ஸ்திரெப்டோமைசீசு முதலிய மண் பற்றீரியாக்கள். மனிதர் பயன்படுத்தும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளிற் பெரும்பாலானவை இவற்றிலிருந்தும் இவற்றின் உறவினங்களிலிருந்தும் கிடைத்தவையே. காச நோய்க்கு முதன்முதல் நன்மருந்தாக அமைந்த ஸ்திரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ சேர்சி மாகாணத்தில், ஒரு கமத்தொழில் ஆராய்ச்சி நிலையத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. வாக்சுமன் என்பாரின் ஆய்வுகூடத்தில் மாணவராயிருந்த அல்பேட் சாற்சு அதைத் தரும் பற்றீரியாவின் இரு இனங்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று எரு நிரம்ப இட்ட வயல் மண்ணிலிருந்து கிடைத்தது; மற்றது ஒரு கோழியின் தொண்டையிலிருந்து! எரித்திரோமைசின் தரும் பற்றீரியாவோ பிலிப்பைன் தீவுகளில் இலோயிலோ என்ற இடத்து மண்ணில் இருந்தது. அங்குள்ள வைத்தியர் அபெலார்டோ அகுய்லார் அம்மண்ணை 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்.

எரித்திரோமைசினைச் செய்யும் பற்றீரியா தான் செய்யும் மருந்தினால் தானே மடியாதிருப்பது எங்ஙனம்? அதுவும் தன் இறைபோசோமின் அதே 2058ஆம் எழுத்தில் அதே குறியை இட்டுக்கொள்கின்றது. நோய்க்கிருமிகளுக்கு இந்நொதியத்தின் விதி பண்டைக் காலத்தில் மண் பற்றீரியாக்களிடமிருந்தே கைமாறியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. பற்றீரியாக்களுள் இத்தகைய கைமாற்றம் அரிதன்று. சில பரம்பரையலகுகள் பிளாசுமிட் எனப்படும் சிறு வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு பற்றீரியா அடுத்ததை ஒட்டி நின்று அவ்வளையத்தின் படியொன்றைக் கொடுத்துவிடும். கொடுப்பதும் பெறுவதும் ஒரே இனமாய் இருக்க வேண்டுமென்பதில்லை. கோழியின் குடலும், எருக் குவியலும், கழிவுநீர் வாய்க்காலும் பற்றீரியாக்கள் நெருங்கி வாழும் இடங்களாகையால் இக்கைமாற்றத்துக்கு ஏற்றவை.

கன்றில் கண்ட நொதியம்

புளோர்பெனிக்கோல் என்பது மாடு, பன்றி, கோழி முதலியவற்றுக்கென ஆக்கப்பட்ட மருந்து. மனிதருக்கு அது கொடுக்கப்படுவதில்லை. மனிதருக்கு வழங்காத மருந்தாகையால் அதனால் மனிதருக்குக் கேடில்லை என்று எவரும் எண்ணுவர். ஜேர்மனியில் ஒரு கன்றிலிருந்து எடுத்த பற்றீரியாவில் இம்மருந்தைத் தடுக்கும் புதிய பரம்பரையலகு ஒன்று இருப்பதாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ‘சி.எப்.ஆர்.’ என்று அதற்குப் பெயர். அதன் நொதியம் பெரும் பாகத்தின் 2503ஆம் எழுத்திற் குறியிடுகின்றது. பின்னர் ஆராய்ந்தபோது அந்த ஒரு குறி ஐந்து வகை மருந்துகளைத் தடுப்பது தெரியவந்தது. அவற்றுள் ஒன்று லினசோலிட். வேறு மருந்து பலவற்றுக்கு அடங்காத நோய்க்கிருமிகளுக்கென மனிதருக்கு மாத்திரம் கொடுக்கப்படும் அரிய மருந்து அது. ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததும் அதே 2000ஆம் ஆண்டிற்றான். கன்றுகளோ லினசோலிட்டைக் கண்டதேயில்லை. 2005ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பற்றீரியாவிலும் அப்பரம்பரையலகு காணப்பட்டது.

சிறு பாகத்திலும் இதுவே கதை. ஜெண்டாமைசின், கனாமைசின், அமிக்காசின் ஆகியவை இறைபோசோமின் சிறு பாகத்திற் சென்று தங்கும் ஊசி மருந்துகள். பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்திற் கிருமி புகுந்த வேளையில் வைத்தியர் நாடுவனவற்றுள் ஜெண்டாமைசின் ஒன்று. சிறு பாகத்தின் 1405ஆம் எழுத்திற் குறியிட்டு இம்மூன்றையும் முற்றாகத் தடுக்கும் ‘ஆர்ம்-ஏ’ என்ற நொதியம் பிரான்சு தேசத்து நோயாளி ஒருவரின் பற்றீரியாவில் இருந்தமை 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே ஆண்டில் யப்பானிலும் அதனையொத்த இன்னொன்று அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2005இல், ஸ்பெயின் தேசத்துப் பன்றி ஒன்றின் குடற் பற்றீரியாவில் ‘ஆர்ம்-ஏ’ இருப்பதைக் கண்டனர். பழைய மருந்தான ஸ்திரெப்டோமைசின் வேறிடத்தில் தங்குவதனால் இக்குறி அதனைத் தடுப்பதில்லை.

நெல் வயலில் ஒரு மாறான கதை

நெற்செய்கையாளருக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் இங்கே சொல்லுதல் தகும். யப்பானில் நாரா நகரத்துக் கசுகா கோயிலை அடுத்த மண்ணிலிருந்து பெற்ற ஒரு பற்றீரியாவிலிருந்து உமெசாவா என்னும் அறிஞரின் குழுவினர் 1965ஆம் ஆண்டில் கசுகாமைசின் என்ற மருந்தைப் பிரித்தனர். நெல்லின் எரிபந்த நோய்க்கு அது யப்பானிய வயல்களில் தெளிக்கப்பட்டது. எரிபந்தம் பங்கசினால் வருவது. இம்மருந்து அப்பங்கசின் புரத ஆலையையும் நிறுத்த வல்லது. பற்றீரியாக்களையும் இது தாக்கும். ஆனால் ஈ. கோலையில் இதற்கு அடங்காதவற்றை 1971ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது நேர்மாறான ஒன்று காணப்பட்டது. சாதாரண ஈ. கோலை தன் சிறு பாகத்தின் 1518ஆம் 1519ஆம் எழுத்துக்களின் மேல் எப்பொழுதும் மெதைல் கூட்டங்களை ஒட்டி வைத்திருக்கும். அடங்காததில் அவ்வொட்டும் நொதியமே பழுதடைந்திருந்தது. குறி இல்லாத ஆலையே தப்பிப் பிழைத்தது. குறியை இட்டும் தப்பலாம், விட்டும் தப்பலாம் என்றால் பற்றீரியாவின் உபாயங்களுக்கு எல்லை சொல்வது கடினமே.

யப்பானிய வயல்களில் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே கசுகாமைசினுக்கு அடங்காத எரிபந்தப் பங்கசு தோன்றிவிட்டது. மருந்தின் பாவனையைக் குறைத்து வேறு மருந்துகளுக்கு மாறியபோது அவ்வகைப் பங்கசும் குறையலாயிற்று.

பாவனை குறைந்தால் அடங்காமையும் குறையும் என்பதற்குக் கால்நடைப் பக்கத்திலும் சான்று உண்டு. டென்மார்க் தேசத்துப் பன்றி வளர்ப்போர் வளர்ச்சியைத் தூண்டவென்று டைலோசினைத் தீனியிற் கலந்து வந்தனர். அங்கே பன்றிகளின் குடலில் வாழும் எந்தரோகொக்கசு என்னும் பற்றீரியாக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு வரையில் எரித்திரோமைசினுக்கு அடங்காதவையாய் இருந்தன. 1998, 1999ஆம் ஆண்டுகளில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் அவற்றுள் ஓரினத்தில் அடங்காதவற்றின் பங்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றோரினத்தில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் வளர்ச்சிக்கென நுண்ணுயிர்கொல்லிகளைத் தீனியிற் சேர்ப்பது 2006ஆம் ஆண்டு சனவரி முதல் விலக்கப்பட்டது.

கமத்திலே செய்யத்தக்கவை

கோழிகள் நோயுற்றால் முதலில் அறிய வேண்டுவது நோய் யாது என்பதே. இராணிக்கெற்று, கோழி அம்மை போன்றவை வைரசு நோய்கள். வைரசுக்கு இறைபோசோமே கிடையாதாகையால் மேலே கூறிய எம்மருந்தும் அதனை ஒன்றுஞ் செய்யாது. உரிய காலத்தில் தடுப்பு மருந்து ஏற்றுதலே வழி. இறந்த கோழியை வளவின் மூலையில் எறிந்துவிட்டுக் கடையிற் சென்று தூள் வாங்குவதிலும், அதனைப் பையிலிட்டுக் கட்டி உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்வது நன்று. வைத்தியர் கொடுக்கும் மருந்தை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் முடியும்வரை கொடுத்தல் வேண்டும். மருந்து கலந்த நீர் எஞ்சுமானால் அதை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. முட்டையையும் பாலையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று பையில் எழுதப்பட்டிருக்கும். பசுவின் மடிவீக்கத்துக்கு மருந்து ஏற்றிய பின் அந்நாட்களிற் கறந்த பாலைக் கன்றுக்கு ஊட்டுவோர் உளர். விற்க முடியாத பாலை வீணாக்குவானேன் என்பது அவர் எண்ணம். அப்பாலிலே உள்ளது கன்றின் குடலுக்கு ஏற்ற அரை மருந்து.

கொட்டிலில் நெருக்கமும் ஈரமும் இருக்கும்வரை எத்தூளும் நிரந்தரப் பயன் தராது. மேற்சொன்ன நண்பரின் கொட்டிலில் மூன்று பக்கமும் தகரம் அடைத்திருந்தது. அமோனியா நாற்றம் கண்ணைக் கரித்தது. இரு பக்கத் தகரத்தைக் கழற்றிக் கம்பிவலை அடித்து, ஈர உமியை மாற்றும்படி சொன்னேன். ஒரு பகல் வேலை அது.

கோழியெரு மரக்கறித் தோட்டத்துக்கு அரிய பசளை. அதனைக் கைவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் கொட்டிலிலிருந்து வாரிய கையோடு பாத்தியில் இடும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். மருந்தின் எச்சமும், அடங்காத பற்றீரியாவும், அவற்றின் பிளாசுமிட் வளையங்களும் புத்தெருவிலேயே மிகுதி. எருவை வைக்கோல், உலர்ந்த சருகு ஆகியவற்றுடன் படைபடையாக நாலடி உயரத்துக்குக் குவித்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கி, கிடுகினால் மூடி வைக்கவும். சில நாட்களிற் குவியல் சூடேறும். உட்சூடு 55 பாகை சதமவளவைக்கு மேற் செல்ல வேண்டும். வெப்பமானி இல்லாதோர் இரும்புக் கம்பியொன்றைக் குவியலின் நடுவிற் செருகிக் கால் மணி நேரத்தின் பின் இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். கையால் தொடர்ந்து பிடிக்க முடியாத சூடு இருந்தால் நன்று. வெளிப்புறம் சூடேறாதாகையால் கிழமைக்கொரு தடவை வெளிப்புறத்தது உட்புறம் வரும்படி புரட்டிப் போடுதல் அவசியம். சூடு தணிந்த பின்னரும் கூட்டெரு நன்கு முதிர்வதற்கு இரண்டு மூன்று மாதம் விட்டு வைத்தல் நலம். இதனால் அடங்காத பற்றீரியாக்களும் மருந்தின் எச்சமும் பெருமளவு குறையும்; அடியோடு அற்றுவிடும் என்று எண்ணிவிடலாகாது.

எந்தப் பயிருக்கு இடுகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. கத்தரியும் பூசணியும் அடுப்பில் வெந்தே உண்ணப்படுகின்றன. வல்லாரை, சலாது, வெங்காயம், தக்காளி, கரற் போன்றவற்றைப் பச்சையாகவே உண்கிறோம். வல்லாரைச் சம்பலில் நெருப்புக்கு வேலையில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சேதனக் கமத்தொழில் விதிகளின்படி, உண்ணும் பகுதி மண்ணிற் படும் பயிருக்குப் புத்தெருவை அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்னரும், மண்ணிற் படாததற்கு 90 நாட்களுக்கு முன்னரும் இட்டு முடித்துவிட வேண்டும். எமது கீரைப் பாத்திகளில் ஒரு முறை விதைத்து இத்தனை நாள் காத்திருப்பது இயலாத காரியம். ஆகவே பச்சையாக உண்ணும் பயிருக்குப் புத்தெருவே வேண்டாம். முதிர்ந்த கூட்டெருவை மட்டும் இடவும்.

பயிருக்கு மனிதர் மருந்தைத் தெளிக்கலாமா என்று கேட்போரும் உளர். வாடல் கண்ட தக்காளிக்கும், இலையோரம் மஞ்சளித்து நுனியிலிருந்து காயும் நெல்லுக்கும் பற்றீரியாவே காரணம் என்று கேள்வியுற்று, குளிசைகளை உடைத்துத் தெளிகருவியிற் கலக்க எண்ணுகின்றனர். அது கூடாது. வேர் வழியே தண்டினுட் புகுந்துவிட்ட வாடற் பற்றீரியாவை இலைமேல் விழும் துளிகள் எட்டுவதில்லை; கீழே சிந்தும் மருந்தோ வயல் மண்ணிலும் நீரிலும் உள்ள எண்ணிறந்த பற்றீரியாக்களைச் சென்றடைகின்றது. வாடிய செடியின் தண்டை அடிப்பக்கத்தில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கிளாசிலே அசையாது தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால்போன்ற வெண்ணிழை இறங்குமாயின் அது பற்றீரிய வாடல். அச்செடியை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, அந்நிலத்தில் அடுத்த போகங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து நெல்லோ சோளமோ செய்கை பண்ணவும். நெல்லின் இலை வெளிறலுக்கு எதிர்ப்புடைய இனத்தைத் தெரிந்து விதைத்தலும், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாது பிரித்து இடுதலும், நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாயவிடாமையும் வேண்டற்பாலன.

நண்பரிடம் தூளின் மூன்று பைகள் மீதியிருந்தன. அவற்றைக் கிணற்றடியிற் கொட்டுவதா, பிறருக்குக் கொடுப்பதா என்று வினவினார். இரண்டும் வேண்டாம்; அடுத்த முறை கால்நடை வைத்தியரிடம் செல்லும்போது கையோடு கொண்டு சென்று அவர் சொற்படி செய்யுமாறு கூறி வந்தேன்.